வலது கப் எந்தப் பக்கம் கழலும்? – சைக்கிள் பட்டறை கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் டிராக் சைக்கிளின், அதாவது சாய்ந்த வளைவுள்ள பந்தயத் தடத்தில் ஓட்டும் சைக்கிளின், பாட்டம் பிராக்கெட் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். 2017-இல் நம் மலேசிய வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங், டிராக்கில் ஓடும் வேகப் பந்தயமான கெய்ரினில் உலகப் பட்டம் வென்ற பிறகு நம் பிள்ளைகள் பலர் இந்த சைக்கிளை வாங்க ஆரம்பித்தார்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது. பெடல் சுற்றும் அந்த அடிப்பாகத்தை ஒழுங்காக மாட்டச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் குறைவு. ஃப்ரேமின் அடியில் குறுக்காக இருக்கும் குழாய்தான் ஷெல். அதன் இரண்டு பக்கமும் திருகி ஏற்றும் பேரிங் கிண்ணம் கப், நடுவில் சுற்றும் தண்டு ஆக்சில், அதன் முனையில் பெடலைத் தாங்கும் கை கிராங்க்.

ஜப்பானில் கெய்ரின் பந்தயத்தில் ஓடிய பழைய இரும்பு ஃப்ரேம் வாங்கினேன். இடது கப், ஆக்சில், பால்ஸ் எல்லாம் வெளியே வந்துவிட்டன. வலது கப் மட்டும் அசையவே இல்லை. ஸ்பேனரில் குழாய் மாட்டித் திருப்பலாமா?
– கல்லூரி மாணவர், சிரம்பான்

தம்பி, முதலில் குழாயை ஓரமாக வையுங்கள். எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லா போல்ட்டையும் போல இடப்பக்கமாகத் திருப்பியிருந்தால், இத்தனை நேரமும் அதை இறுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள்.

கெய்ரின் ஃப்ரேம்களில் பெரும்பாலும் இருப்பது பி.எஸ்.ஏ. எனும் ஆங்கிலேய அளவு மரை: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி, ஷெல் அகலம் 68 மி.மீ. இதில் செயின் இருக்கும் வலது பக்கத்துக்கு மட்டும் தலைகீழ் மரை. வலது பக்கம் நின்று பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். சந்தேகமாக இருந்தால் ஷெல்லின் அகலத்தை அளந்து பாருங்கள். 70 மி.மீ. இருந்தால் அது இத்தாலிய மரையாக இருக்கலாம். அதில் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான்.

ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள்? பேரிங் சுற்றும்போது கப்பையும் தன்னோடு இழுத்துச் சுற்றும் என்று நாம் நினைப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு. பெடல் மிதிக்கும் சுமை கப்பின் உள்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்துகிறது. மரைக்குள் இருக்கும் மயிரிழை இடைவெளியில் கப் அதற்கு எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாக உருள்கிறது. வலது பக்கம் சாதாரண மரை போட்டால் ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும். இத்தாலிய ஃப்ரேம்களில் வலது கப்பை மிக நன்றாக இறுக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, இப்போது கழற்றுவோம். ஷெல் உள்ளே திறந்திருப்பதால், துரு இளக்கும் எண்ணெயை உள்பக்கத்திலிருந்து மரையில் விட்டு ஓர் இரவு அப்படியே வையுங்கள். பழைய வலது கப்பின் விளிம்பு மெல்லியது, 36 மி.மீ. ஸ்பேனர் எளிதில் வழுக்கும். வழுக்கினால் கப்பும் போகும், கை முட்டியும் போகும். நீளமான போல்ட் ஒன்றை ஷெல்லுக்குள் விட்டு, இரண்டு பக்கமும் பெரிய வாஷர் வைத்து, ஸ்பேனரைக் கப்போடு சேர்த்து அழுத்திக் கட்டுங்கள். வழுக்க வழி இல்லாதபோதுதான் பலம் கொடுக்க வேண்டும்.

புதியது மாட்டும் முன் மரையைப் பழைய பல்துலக்கும் பிரஷ் கொண்டு நன்றாகத் துடையுங்கள். பெயின்ட் அடித்த ஃப்ரேம் என்றால் மரையில் பெயின்ட் ஒட்டியிருக்கும், அதைக் கடையில் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு எடுக்கச் சொல்லுங்கள். மரை முழுக்க கிரீஸ் தடவுங்கள். முதல் மூன்று நான்கு சுற்று கையால் போக வேண்டும். போகவில்லையா? வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்பேனரால் கட்டாயப்படுத்தி ஏற்றிய கப் ஃப்ரேமின் மரையை அழித்துவிடும், அந்த ஃப்ரேமுக்கு மாற்று கிடைப்பது கஷ்டம். கார்ட்ரிட்ஜ் வகை (பேரிங்கும் ஆக்சிலும் ஒரே மூடிய உருளையாக வருவது) என்றால் உடலை வலது பக்கத்திலிருந்து விளிம்பு முட்டும்வரை ஏற்றி, பிறகு இடது கப். ஷிமானோ வகைக்கு 50 முதல் 70 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

மகள் டிராக் பயிற்சிக்குப் போகிறாள். இடது கிராங்க் அடிக்கடி லூஸ் ஆகிறது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் நானே இறுக்கிக் கொடுக்கிறேன். ஆனாலும் நிற்கவில்லை.
– ஒரு தந்தை, கிள்ளான்

ஐயா, தயவுசெய்து அந்தக் கிராங்கோடு மகளை இனி ஓட்ட விடாதீர்கள். சதுர ஆக்சிலில் உட்காரும் அலுமினியக் கிராங்க் ஒருமுறை லூஸாக ஓடினால் அதன் சதுரத் துளை உருண்டுவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. சாதாரண சைக்கிளில் பெடலை நிறுத்திவிட்டு உருண்டுபோகலாம். டிராக் சைக்கிளில் பிரேக்கும் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது; பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வேகம் குறைக்கப் பிள்ளை பெடலைப் பின்னுக்குத் தள்ளும்போது லூஸான கிராங்க் இரண்டு பக்கமும் அடிபடுகிறது. 250 மீட்டர் டிராக்கின் செங்குத்தான வளைவில் கிராங்க் கையோடு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

தினமும் இறுக்குவதும் தவறுதான். ஒவ்வொரு இறுக்கலுக்கும் கிராங்க் அந்தச் சரிவில் இன்னும் மேலே ஏறும். ஒருநாள் ஆக்சிலின் முனை கிராங்கின் உள் வாஷர் மட்டத்துக்கு வந்துவிடும். அப்போது போல்ட் ஆக்சிலைத்தான் அழுத்தும், கிராங்கை அழுத்தாது. போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஆக்சில் முனை ஓரிரு மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். மட்டமாக இருந்தால் கிராங்க் முடிந்தது.

புதுக் கிராங்க் வாங்கும்போது அது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரம்) சதுரமா, ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தரம்) சதுரமா என்று கேளுங்கள். சரிவு இரண்டுக்கும் 2 டிகிரிதான், ஆனால் முனை அளவு வேறு. ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜே.ஐ.எஸ். ஆக்சிலில் மாட்டினால் சுமார் 4.5 மி.மீ. வெளியே நிற்கும். ஆழமாக உட்காராத கிராங்க் லூஸாவதில் ஆச்சரியம் இல்லை. சதுரத்தில் கிரீஸ் தடவலாமா என்று பட்டறைகளில் ஓயாத சண்டை உண்டு. நான் துடைத்து உலர்வாகத்தான் மாட்டுவேன், போல்ட் மரைக்கு மட்டும் கிரீஸ். டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். முதல் பயிற்சிக்குப் பின் அதே அளவில் ஒருமுறை சரிபாருங்கள், அதோடு விடுங்கள். கைக்கணக்கு இங்கே வேண்டாம், ஐயா. ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள்.

கிராங்கைக் கழற்றும்போது இன்னொன்று. எக்ஸ்ட்ராக்டரை (கிராங்கை இழுத்தெடுக்கும் கருவி) ஏற்றும் முன் போல்ட்டோடு வாஷரும் வந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பாருங்கள். உள்ளே வாஷர் கிடந்தால் கிராங்கின் மரைதான் பிய்ந்து வரும்.

109 மி.மீ. ஆக்சிலுக்குப் பதிலாக கடையில் 118 மி.மீ. கொடுத்தார்கள். செயின் கரகரவென்று சத்தம் போடுகிறது.
– வாசகி, பினாங்கு

சத்தத்துக்குக் காரணம் அதுதான். 9 மி.மீ. கூடுதலில் பாதி, அதாவது 4.5 மி.மீ., செயின்ரிங் (முன் பல்சக்கரம்) வெளியே போய்விட்டது. டிராக் சைக்கிளில் செயின் நேர்கோட்டில் ஓட வேண்டும். வழக்கமான அளவு ஃப்ரேமின் நடுவிலிருந்து 42 மி.மீ. நீங்களே அளக்கலாம். சீட் டியூபின் பக்கத்திலிருந்து செயின்ரிங் பல்லின் நடுவரை அளந்து, டியூபின் பாதி விட்டத்தைக் கூட்டுங்கள். 28.6 மி.மீ. டியூபுக்கு 14.3. பின்சக்கரத்தில், லாக்நட்டின் (ஹப் ஆக்சிலைப் பூட்டும் நட்) வெளிமுகத்திலிருந்து காக் (பின் பல்சக்கரம்) பல்லின் நடுவரை அளந்து, 60-இலிருந்து கழியுங்கள் (ஹப் அகலம் 120 என்றால்). இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ.க்குள் இருக்கட்டும். ஆக்சிலை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தர வேண்டியதுதான்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்ற வேண்டும்?
– வாசகர், ஈப்போ

மாதக் கணக்கைவிட சைக்கிள் எங்கே ஓடுகிறது என்பதுதான் முக்கியம். நீலாய் உள்ளரங்க டிராக்கில் மட்டும் ஓடும் சைக்கிளுக்கு வருடத்தில் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். சாலைப் பயிற்சியும் நம்முடைய மழையும் சேர்ந்தால் கதை வேறு. தண்ணீர் பெரும்பாலும் சீட் போஸ்ட் வழியாக இறங்கி ஷெல்லில் தேங்கும். நல்ல மழையில் நனைந்தால் சீட் போஸ்ட்டை உருவிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாக ஓர் இரவு வையுங்கள்.

சோதிக்கும்போது செயினைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பின்சக்கரத்தின் சத்தமும் சேர்ந்து குழப்பும். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஆட்டமோ மணல் அரைவதுபோன்ற உணர்வோ இருந்தால் வேலை இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் என்றால் முழுவதையும் மாற்றுங்கள். தனித்தனி பால்ஸ் போடும் பழைய கப்-கோன் வகை என்றால் பக்கத்துக்கு 11 பால்ஸ், கால் அங்குல அளவு. பால்ஸை எப்போதும் புதிதாகவே போடுங்கள், விலை மிகக் குறைவு. கப்பில் குழி விழுந்திருந்தால் கிரீஸ் காப்பாற்றாது.

175 மி.மீ. கிராங்க் மாட்டினால் பலம் கூடுமா?
– பள்ளி மாணவர், ஜொகூர் பாரு

டிராக்கில் வேண்டாம், தம்பி. வளைவில் மெதுவாகப் போகும்போது பெடல் தரையில் தட்டும், அதே நொடியில் பின்சக்கரம் தூக்கிவிடும். 165-இலேயே இருங்கள்.