இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி முழுக்க உலர் வலயம்தானே, பிறகேன் அதற்குள்ளும் பிரிக்கிறார்கள்?

மழையின் அளவை மட்டும் பார்த்தால் நீங்கள் கேட்பது சரி. ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெய்வது உலர் வலயம்; வன்னி அதற்குள்தான். ஆனால் அந்த மழை எந்த மாதத்தில் விழுகிறது, மண் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் 2003 வரைபடத்தில் இலங்கையை 46 விவசாய சூழலியல் பிரதேசங்களாகப் பிரித்தார்கள்.

மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண்ணைப் பாருங்கள். மாரியில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்; ஆடி ஆவணியில் விரல் நுழையுமளவு வெடிக்கும். நெல்லுக்கு அது பொன். வவுனியாவின் செங்கபில மண்ணை ஈரமிருக்கும்போதே உழுதுவிட வேண்டும், காய்ந்தால் இறுகிக் கல்லாகிவிடும். இரண்டுக்கும் ஒரே பயிர் ஆலோசனை சொன்னால் நட்டப்படுவது கமக்காரன்தான்.

எங்கள் பெரியவர்கள் மரத்தைப் பார்த்தே இடத்தைச் சொல்வார்கள்: பாலை, வீரை, முதிரை என்றால் மேட்டுக்காடு; மருது நின்றால் கிட்டத்தில் ஆறு.