நெட்வொர்க் வழியாக 40 கணினிகளில் லினக்ஸ் நிறுவுகிறேன். 26 முடிந்துவிட்டன, 14 மட்டும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏறியபின் நின்றுவிடுகின்றன. எங்கே தேடுவது?

கிக்ஸ்டார்ட் கோப்பு (நிறுவலின் கேள்விகளுக்கு விடைகளை முன்கூட்டியே எழுதிவைத்தது) ஒன்றேதான், 26 கணினிகளில் சரியாக ஓடியது, மீதியில் 'டிராகட் இனிட்கியூ டைம்அவுட்' (டிராகட் என்பது தொடக்கத்தில் நெட்வொர்க்கை எழுப்பும் நிரல்) என்று வரிவரியாக ஓடி ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) வந்து நிற்கிறது என்கிறீர்கள். கிக்ஸ்டார்ட் கோப்பைத் திருத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. முதலில் அதை நிறுத்துங்கள். அந்த 14 கணினிகளும் அந்தக் கோப்பைப் படிக்கவே இல்லை என்பது என் கணிப்பு.

இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். கிக்ஸ்டார்ட் வைத்திருக்கும் வெப் சர்வரின் ஆக்சஸ் லாக்கை (யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவை) திறந்து வைத்துவிட்டு, நிற்கிற கணினிகளில் ஒன்றை மறுபடி பூட் செய்யுங்கள். கணினி ஒழுங்கான வரிசையில்தான் ஒவ்வொன்றாகக் கேட்கும். நெட்வொர்க் கார்டில் உள்ள பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியே பூட் செய்யும் நிரல்) டிஎச்சிபியிடம் (ஐபி முகவரி கொடுக்கும் சர்வரிடம்) ஐபி கேட்கும். டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) வழியாக பூட்லோடரையும், பிறகு கர்னலையும் இனிட்ஆர்டியையும் (கர்னலோடு ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) வாங்கும். கர்னல் எழுந்ததும் இரண்டாவது முறையாக, முதலிலிருந்து, டிஎச்சிபியில் ஐபி கேட்கும். அது கிடைத்தால்தான் கிக்ஸ்டார்ட். கடைசியாக எதைக் கேட்டது என்று டிஎச்சிபி, டிஎஃப்டிபி, வெப் சர்வர் லாக்குகளில் பாருங்கள். கோளாறு அதற்கு அடுத்த படியில் இருக்கும். கணினித் திரையில் வரும் செய்தியைவிட நான் நம்புவது இந்த லாக்குகளைத்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சென்டோஸ் 7 காலம், ஒரு ஆய்வகம், இதே அறிகுறி. டிஎச்சிபி லாக்கில் பிஎக்ஸ்இ கேட்ட முதல் ஐபி அழகாகப் பதிவாகியிருந்தது. இரண்டாவது கேள்வி வரவே இல்லை. டிசிபிடம்ப் (பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன், சர்வர் பக்கம் ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை. ஆனால் நின்றுபோன கணினியின் ஷெல்லில் கையால் ஐபி கொடுத்து பிங் செய்தால் உடனே பதில் வருகிறது! இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

விடை ஸ்விட்ச்சில் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து போர்ட் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கர்னல் எழுந்து நெட்வொர்க் டிரைவர் ஏறும்போது இணைப்பு ஒரு நொடி அறுந்து திரும்ப வருகிறது. உடனே விளக்கு ஆரஞ்சுக்கு மாறி, அரை நிமிடம் கழித்துத்தான் பச்சைக்கு வருகிறது. ஸ்பானிங் ட்ரீ, அதாவது ஸ்விட்ச்களுக்கிடையே லூப் வராமல் தடுக்கும் ஏற்பாடு! போர்ட் புதிதாக எழுந்தால் கேட்க 15 நொடி, கற்க 15 நொடி என்று 30 நொடிக்கு அது எந்தப் பாக்கெட்டையும் கடத்தாது. பிஎக்ஸ்இ பொறுமையாக 4, 8, 16, 32 நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே கேட்பதால் தப்பித்துவிடுகிறது. டிராகட் அதற்குள் கைவிட்டுவிட்டது. நான் ஷெல்லில் பிங் செய்த நேரத்தில் போர்ட் திறந்துவிட்டிருந்தது, அதனால்தான் எல்லாம் சரியாகத் தெரிந்தது. நன்றாக ஓடிய கணினிகள் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போட்ட வேறொரு ஸ்விட்ச்சில் இருந்தன.

ஆகவே உங்கள் 14 கணினிகளும் ஒரே ஸ்விட்ச்சில் இருக்கின்றனவா என்று கேபிளைப் பிடித்துப் பாருங்கள். இருந்தால், கணினிகள் மட்டும் இணைந்த போர்ட்களில் போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்லுங்கள். இன்னொரு ஸ்விட்ச் இணைந்த போர்ட்டில் போடவே கூடாது, லூப் ஏற்பட்டால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். ஸ்விட்ச்சைத் தொட அனுமதி இல்லையென்றால் கர்னல் வரியில் 'ஆர்டி.நெட்.டிஎச்சிபி.ரீட்ரை=10' (டிஎச்சிபியை 10 முறை முயலச் சொல்வது) சேர்த்துப் பாருங்கள்.

ஸ்விட்ச் காரணம் இல்லையா? கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்து, நிறுவல் நிரல் கேபிள் செருகாத கார்டில் தேடிக்கொண்டிருக்கலாம். பூட்லோடர் பிஎக்ஸ்லினக்ஸ் என்றால் மெனுவில் 'ஐபிஅப்பெண்ட் 2' சேர்த்தால் எந்தக் கார்டில் பூட் ஆனதோ அதையே நிறுவல் நிரலும் பிடித்துக்கொள்ளும்.

லாக்கில் கிக்ஸ்டார்ட் போயிருந்து அதற்குப் பிறகு நின்றால் கதை வேறு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி ஷெல்லுக்குப் போய் டெம்ப் அடைவில் இருக்கும் அனகோண்டா (நிறுவல் நிரல்) லாக்கைப் படியுங்கள். நான் அங்கே அதிகம் பார்த்தது வட்டின் பெயர்தான். கோப்பில் 'எஸ்டிஏ' என்று எழுதியிருப்போம், புதிய கணினியில் இருப்பதோ என்விஎம்இ வட்டு, அதன் பெயர் வேறு.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து இதை இன்றே பாருங்கள். மெனுவில் நிறுவல் தானாகத் தொடங்கும்படி வைத்திருந்தால், அதை 'இந்தக் கணினியின் வட்டிலிருந்தே பூட் செய்' என்று மாற்றுங்கள். உங்கள் கோப்பில் 'கிளியர்பார்ட்', 'ஆல்' (எல்லா வட்டுப் பிரிவுகளையும் அழி என்ற கட்டளை) இருக்கிறது. அதே நெட்வொர்க்கில் யாருடைய கணினியாவது பிஎக்ஸ்இயில் எழுந்தால், அவருடைய வட்டு கேள்வி கேட்காமல் அழிந்துவிடும்.