அமெரிக்கத் தலைவர்களின் சிறுவயதுக் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே உட்காருங்கள். உங்கள் மகனுக்கு எட்டு வயது, வாஷிங்டன், லிங்கன் போன்றவர்களின் சிறுவயதுக் கதைகளில் பாதி கட்டுக்கதை என்று நண்பர் சொன்னார், அதனால் தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர் சொன்னது சரிதான். ஆனாலும் நானும் என் மகளும் இந்தப் புத்தகங்களை மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து படித்து வருகிறோம், நிறுத்தும் எண்ணமே இல்லை.

எங்கள் ஊர் நூலகம் பழைய புத்தகங்களை விற்றபோதுதான் இந்த வகையில் முதல் புத்தகம் கையில் சிக்கியது. இண்டியானாபொலிஸ் நகரத்துப் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் 1932இல் தொடங்கிய வரிசையில் ஒன்று அது. வரிசையின் முதல் புத்தகமே அகஸ்டா ஸ்டீவன்சன் எழுதிய லிங்கனின் கதைதான். நிழலுருவப் படங்கள், பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் பேச்சு. புத்தகம் முழுக்கச் சிறுவயதுதான். அந்தப் பையன் வளர்ந்து என்ன ஆனான் என்பது கடைசிச் சில பக்கங்களில் முடிந்துவிடும். தன் வயதுப் பிள்ளை காட்டில் விறகு சுமப்பதையும் பள்ளிக்கு நடப்பதையும் படிக்கிற குழந்தைக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஒருநாள் இரவு, லிங்கனும் அக்கா சாராவும் பேசிக்கொள்ளும் இடத்தில் என் மகள் படிப்பதை நிறுத்தினாள். "அம்மா, இவர்கள் பேசியதைப் பக்கத்தில் இருந்து யார் கேட்டார்கள்?" என்றாள். யாரும் கேட்கவில்லை, ஆசிரியர் இப்படிப் பேசியிருப்பார்கள் என்று நினைத்து எழுதியது என்றேன். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் "இதை யார் பார்த்தது?" என்பதுதான் எங்கள் இருவருக்கும் முதல் கேள்வி.

சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டான் என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். மேசன் லாக் வீம்ஸ் என்ற பாதிரியார் மறு ஆண்டே அவர் வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். அந்த முதல் பதிப்பில் செர்ரி மரம் கிடையாது. 1806இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முளைக்கிறது. யார் சொன்னது என்றால், குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஒரு மூதாட்டி என்கிறார் வீம்ஸ், பெயர் இல்லை. அவர் கதையிலும் ஆறு வயது ஜார்ஜ் மரத்தை வெட்டிச் சாய்க்கவில்லை. கைக்கோடரியால் பட்டையைத்தான் கொத்திக் கெடுத்தான். சாய்த்தது பின்னால் வந்தவர்கள். பொய் சொல்லாதே என்று போதிக்க நாம் எல்லோரும் சொல்லும் கதைக்குச் சாட்சி இல்லை என்பது என் மகளைப் பல நாள் வாட்டியது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் வீம்ஸை அதோடு தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. 1861 பிப்ரவரி 21 அன்று, அதிபராகப் பதவியேற்கப் போகும் வழியில், டிரென்டன் நகரில் லிங்கன் பேசினார். எழுதப் படிக்கக் கற்ற புதிதில் வீம்ஸின் புத்தகம் தன் கையில் கிடைத்ததையும், அதில் விடுதலைப் போரின்போது வாஷிங்டனின் படை அதே டிரென்டனில் நடத்திய போரைப் பற்றிய பகுதி மனதில் ஆழமாகப் பதிந்ததையும் சொன்னார். அந்த மனிதர்கள் போராடியது சாதாரணமான ஒன்றுக்காக இருக்க முடியாது என்று சிறுவனாக இருந்தபோதே தனக்குத் தோன்றியதாம். நாடு பிளந்துகொண்டிருந்த நாளில் அவர் நினைவுக்கு வந்தது சிறுவனாக இருந்தபோது வாசித்த ஒரு வாழ்க்கை வரலாறு. இதைப் படித்த பிறகு எந்தக் குழந்தையின் கையிலிருந்தும் இப்படிப்பட்ட புத்தகத்தைப் பிடுங்க எனக்கு மனம் வராது.

பழைய புத்தகங்களில் கற்பனைப் பேச்சைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது அவை சொல்லாமல் விடுவதுதான். வாஷிங்டனின் தந்தை 1743இல் இறந்தபோது ஜார்ஜுக்குப் பதினோரு வயது. அவனுக்கு வந்த சொத்தில் ஒரு பண்ணையும் பத்து அடிமைகளும் இருந்தார்கள். பதினோரு வயதுப் பையனுக்குப் பத்து மனிதர்கள் சொந்தம்! செர்ரி மரத்தைச் சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும். சொல்லாத புத்தகமாக இருந்தால் நான் படிப்பதை நிறுத்திவிட்டு வாயால் சொல்லிவிடுவேன்.

அதனால் வாஷிங்டன் புத்தகம் வாங்கும்போது அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் சிறுவயதையும் சேர்த்து வாங்குங்கள். அங்கே சாட்சி அவரேதான். 1845இல் தன் கதையைத் தானே எழுதினார். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. தாயை நான்கைந்து முறைதான் பார்த்ததாகவும், அதுவும் இரவில்தான் என்றும் எழுதுகிறார். பகல் முழுவதும் வயலில் உழைத்துவிட்டு அந்தத் தாய் பன்னிரண்டு மைல் நடந்து வந்து, பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துத் தூங்கப்பண்ணி, அவன் விழிக்கும் முன்பே போய்விடுவாள். பால்டிமோர் வீட்டில் எஜமானி எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள், கணவன் தடுத்துவிட்டான். சிறுவன் விடவில்லை. வெளியே வேலைக்கு அனுப்பும்போதெல்லாம் வீட்டிலிருந்து ரொட்டி எடுத்துப் போய், தெருவில் பசியோடு இருந்த வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் படிக்கக் கற்றுக்கொண்டான். அந்தப் பையன்களின் பெயரைச் சொல்ல ஆசை, ஆனால் அவர்களுக்குச் சங்கடம் வரும் என்பதால் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் நான் குரல் உடையாமல் படித்ததே இல்லை. இதற்கு எந்தக் கற்பனைப் பேச்சும் தேவைப்படவில்லை, பாருங்கள்.

கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லரின் கதையும் அப்படித்தான், நேரில் பார்த்த சாட்சி உண்டு. 1887 ஏப்ரல் 5 அன்று தண்ணீர்க் குழாயடியில், கையில் எழுதிக்காட்டிய சொல் தண்ணீரைக் குறிக்கிறது என்று அந்தச் சிறுமி முதன்முதலாகப் புரிந்துகொண்டதை ஆசிரியை ஆன் சல்லிவன் அன்றைக்கே கடிதத்தில் எழுதிவிட்டார். சில மணி நேரத்தில் முப்பது புதிய சொற்களாம்.

மறுபடி லிங்கனுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மகன் முதலில் கேட்கப்போவது அவர் கதையாகத்தான் இருக்கும். ஒன்பது வயதில் தாயை இழந்தார். நச்சுச் செடியைத் தின்ற மாட்டின் பாலால் வரும் நோய். மறு ஆண்டு வந்த மாற்றாந்தாய் சாரா புஷ் அவரிடம் உயிராக இருந்தார். லிங்கன் கொல்லப்பட்ட பிறகு, 1865இல், அவரோடு சேர்ந்து வழக்கறிஞர் தொழில் செய்த ஹெர்ன்டன் இந்த அம்மாளைத் தேடிப் போய்க் கேட்டார். காகிதமும் சிலேட்டும் இல்லாதபோது ஏப் (ஆபிரகாம் என்பதன் சுருக்கம்) பலகையில் கணக்குப் போடுவான், பலகை கறுத்துவிட்டால் கத்தியால் சீவிவிட்டு மேலே போடுவான் என்று அவர் சொன்னார். சிறுவன் கணக்கெழுதிய தாள்கள் சிலவும் அவரிடம் பத்திரமாக இருந்தன. ஒரு தாளின் ஓரத்தில், ஆபிரகாம் லிங்கன், அவன் கையும் பேனாவும், நல்லவன் ஆவான், எப்போது என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று கிறுக்கியிருக்கிறது.

அந்தத் தாளின் படத்தை என் மகளுக்குக் காட்டினேன். "இதை யார் பார்த்தது?" என்று அவள் கேட்கவில்லை. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்த்துவிட்டு, மறுநாள் தன் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் தன் பெயரைப் போட்டு அதே வரியை எழுதிவைத்திருந்தாள்.