மார்ப் சிஎல்ஐ: மார்க்டவுனில் ஸ்லைடு செய்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) கோப்பு ஒன்றை எழுதி, டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்தால் எச்டிஎம்எல், பிடிஎஃப், பவர்பாயிண்ட் எதுவாகவும் மாற்றித் தரும் கருவி மார்ப் சிஎல்ஐ. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கட்டளைகளில் விருப்பங்களின் முன்னால் வரும் '--' என்பது இரண்டு தனித்தனி ஹைஃபன்கள். வேர்டிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டு எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நீளக் கோடாகிவிடலாம், பிறகு கட்டளை ஓடாது.

கேள்வி: எப்படி நிறுவுவது? நோட் ஜேஎஸ் கட்டாயமா சார்?

நோட் ஜேஎஸ் என்பது மார்ப் ஓடப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி. அதைத் தனியாக நிறுவுவது கட்டாயம் இல்லை. கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்தில் தனித்து ஓடும் கோப்பு கிடைக்கிறது, நோட் அதற்குள்ளேயே இருக்கிறது. மேக்கில் 'ப்ரூ இன்ஸ்டால் மார்ப்-சிஎல்ஐ', விண்டோஸில் ஸ்கூப் என்ற நிறுவும் கருவி வைத்திருந்தால் 'ஸ்கூப் இன்ஸ்டால் மார்ப்'.

நோட் 18 அல்லது அதற்கு மேல் இருந்தால், நிறுவாமலே 'என்பிஎக்ஸ் @மார்ப்-டீம்/மார்ப்-சிஎல்ஐ@லேட்டஸ்ட் ஸ்லைடு.எம்டி' என்று ஓட்டிப் பார்க்கலாம். முன்னால் உள்ள @ பகுதியும் பெயரில் சேர்ந்ததுதான், விட்டுவிடாதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் 'என்பிஎம் இன்ஸ்டால்' (நோட்டோடு வரும் நிறுவும் கட்டளை) என்பதில் '-ஜி' போட்டு அவரவர் கணினியில் நிறுவுவதைவிட, புராஜெக்ட் கோப்புறைக்குள் '--சேவ்-டெவ்' போட்டு நிறுவுங்கள். பதிப்பு எண்களைக் குறித்து வைக்கும் லாக் கோப்பையும் கிட்டில் சேர்த்துவிட்டால் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கும்.

கேள்வி: உபுண்டுவில் '-ஜி' போட்டால் அனுமதி இல்லை என்று வருகிறது. சூடோ போட்டுவிடலாமா? நண்பருக்கு விண்டோஸ் பவர்ஷெல்லில் வேறு பிழை வருகிறது.

சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது) வேண்டாம். அடுத்தடுத்து நிறுவும்போது கோப்புகள் ரூட் பெயரில் மாட்டிக்கொள்ளும். 'என்பிஎம் கான்ஃபிக் செட் ப்ரிஃபிக்ஸ்' கட்டளையால் உங்கள் ஹோமுக்குள் ஒரு கோப்புறையைக் காட்டுங்கள். அதற்குள் வரும் 'பின்' கோப்புறையைப் பாஷ்ஆர்சி என்ற டெர்மினல் அமைப்புக் கோப்பில் பாத் வரியோடு சேர்த்து, டெர்மினலை மூடித் திறந்து மறுபடி நிறுவுங்கள்.

நண்பருக்கு வருவது 'ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இல்லை' என்ற பிழையாக இருந்தால், அது பவர்ஷெல்லின் கட்டுப்பாடு, மார்ப்பின் கோளாறு இல்லை. 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரண்ட்யூசர் ரிமோட்சைண்ட்' என்று ஒருமுறை கொடுத்தால் போதும். சாதாரண கமாண்ட் ப்ராம்ட்டில் ஓட்டினால் அதுவும் தேவையில்லை.

கேள்வி: மூன்று கோடு போட்டும் ஸ்லைடு பிரியவில்லை. மேலே உள்ள வரி பெரிய தலைப்பாக மாறிவிடுகிறது. ஏன்?

கோட்டுக்கு மேல் வெற்று வரி விடவில்லை. மார்க்டவுனில் ஒரு வரிக்கு நேர்கீழே ஒட்டி மூன்று ஹைஃபன் வந்தால், அந்த வரி இரண்டாம் நிலைத் தலைப்பு என்று பொருள். மேலே ஒரு வரி காலியாக விட்டால்தான் அது பிரிப்புக் கோடு. கீழேயும் விட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் முகப்புப் பகுதியில் (கோப்பின் தலையில் இரண்டு '---' வரிகளுக்கு நடுவே அமைப்புகள் எழுதும் இடம்) 'ஹெடிங்டிவைடர்: 2' என்று எழுதுங்கள். ஒவ்வொரு முதல், இரண்டாம் நிலைத் தலைப்பிலும் தானாகவே புது ஸ்லைடு தொடங்கும். நீளமான பாடக் குறிப்புகளுக்கு இதுதான் வசதி. முகப்புப் பகுதி கோப்பின் முதல் வரியிலேயே தொடங்க வேண்டும், அதற்கு மேல் ஒரு காலி வரிகூட இருக்கக்கூடாது. அங்கே எழுதும் 'மார்ப்: ட்ரூ' விஎஸ் கோடு எடிட்டருக்கான மார்ப் நீட்சிக்குத்தான் தேவை. சிஎல்ஐ அதை எதிர்பார்ப்பதில்லை.

கேள்வி: எச்டிஎம்எல்லில் படம் தெரிகிறது, பிடிஎஃப்பில் அதே இடம் காலி. கோப்பு பாதை சரியாகத்தான் இருக்கிறது அண்ணா.

பாதையில் தவறில்லை. மார்ப் நேரடியாக உருவாக்குவது எச்டிஎம்எல் மட்டும்தான். பிடிஎஃப், பவர்பாயிண்ட், படம் என எது கேட்டாலும், பின்னணியில் ஒரு பிரவுசரைத் திறந்து அந்த எச்டிஎம்எல்லைக் காட்டி எடுத்துத் தருகிறது. அந்தப் பிரவுசர் கணினியில் உள்ள கோப்புகளைத் தொடாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்து வைத்திருக்கிறார்கள். '--அலவ்-லோக்கல்-ஃபைல்ஸ்' சேர்த்தால் படம் வந்துவிடும். தடுத்தபோது டெர்மினலில் எச்சரிக்கையும் வந்திருக்கும், மேலே தள்ளிப் பாருங்கள். வேறு யாரோ அனுப்பிய மார்க்டவுனுக்கு மட்டும் இந்த விருப்பத்தைப் போடாதீர்கள். அதற்குள் இருப்பது உங்கள் கணினியின் மற்றக் கோப்புகளையும் படிக்க முடியும்.

எச்டிஎம்எல்லை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினாலும் படம் போகாது, ஏனென்றால் படம் அதற்குள் பதிவதில்லை. படக் கோப்புறையையும் சேர்த்து அனுப்புங்கள், அல்லது பிடிஎஃப் கொடுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியில் தமிழ் நன்றாக வருகிறது. டாக்கரில் அதே கோப்பு கட்டம் கட்டமாக வருகிறது. யூனிகோடு பிரச்சினையா?

யூனிகோடு சரியாகத்தான் இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. மேலே சொன்ன பிரவுசர் எந்த இடத்தில் ஓடுகிறதோ அந்த இடத்து எழுத்துருக்களையே எடுக்கும். டாக்கர் என்பது நிரலைத் தனிப் பெட்டி (கன்டெய்னர்) போலப் பிரித்து ஓட்டுவது, அதற்குள் உங்கள் மடிக்கணினியின் எழுத்துரு தெரியாது. 'எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ' என்று அங்கே ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் தமிழ் எழுத்துருவே இல்லை. டெபியன், உபுண்டு சர்வரில் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' அல்லது 'ஃபான்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல்' நிறுவினால் தீர்ந்தது. டாக்கரில் எழுத்துருக் கோப்புறையை '/யுஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ்'க்குக் கீழே மவுன்ட் செய்யலாம்.

நிறுவியதோடு நிறுத்தாமல், ஸ்டைல் பகுதியில் 'ஃபான்ட்-ஃபேமிலி' வரியில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பெயர் சொல்லியும் எழுதுங்கள். சொல்லாவிட்டால் பிரவுசர் தனக்குத் தோன்றியதை எடுக்கும், ஒவ்வொரு கணினியிலும் வரி வேறு இடத்தில் மடியும். கூகுள் எழுத்துருவை இணையத்திலிருந்து இழுப்பதும் முடியும். ஆனால் மாற்றும் நேரத்தில் இணையம் இருந்தாக வேண்டும்.

தமிழுக்கு இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் நீளம், கொம்பும் கொக்கியும் மேலும் கீழும் இடம் கேட்கும். 'லைன்-ஹைட்'டை 1.6 அளவில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எட்டு வரி பிடிக்கும் ஸ்லைடில் தமிழ் ஆறு வரிக்கு மேல் போனால் நெரிசல்தான்.

கேள்வி: கடைசி இரண்டு வரி ஸ்லைடுக்கு வெளியே போய் வெட்டுப்படுகிறது. தானாகச் சிறிதாக்காதா?

சாதாரணப் பத்தியையும் பட்டியலையும் மார்ப் சிறிதாக்காது. ஸ்லைடின் அளவு 1280க்கு 720 என்று நிலையானது, மிஞ்சியது மறைந்துவிடும். தலைப்புக்குள் 'ஃபிட்' என்ற எச்டிஎம்எல் கமென்ட் (<!-- --> குறிகளுக்குள் எழுதுவது) போட்டால் அந்தத் தலைப்பு மட்டும் அகலத்துக்கேற்ப மாறும். மற்றபடி ஸ்லைடை இரண்டாகப் பிரிப்பதே சரி. ஒரே ஒரு ஸ்லைடில் வேறு வழியில்லை என்றால், 'ஸ்டைல் ஸ்கோப்ட்' குறிச்சொல்லுக்குள் எழுத்தளவைக் குறையுங்கள், மற்ற ஸ்லைடுகள் பாதிக்காது. பழைய சதுர புரொஜெக்டர் என்றால் 'சைஸ்: 4:3' என்று எழுதுங்கள். அகலம் 960 ஆகிவிடும், மடிப்பெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பவர்பாயிண்ட்டாக மாற்றிக் கொடுத்தேன், எங்கள் மேலாளர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியவில்லை என்கிறார்.

முடியாதுதான். '--பிபிடிஎக்ஸ்' தருவது ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு படமாக ஒட்டிய கோப்பு. '--பிபிடிஎக்ஸ்-எடிட்டபிள்' என்று சோதனை நிலையில் ஒன்று உண்டு. அதற்கு லிப்ரே ஆஃபீஸ் நிறுவியிருக்க வேண்டும். தோற்றம் அங்கங்கே கலையும், பேச்சாளர் குறிப்புகளும் வராது. திருத்தக் கொடுப்பதுதான் முக்கியத் தேவை என்றால் இந்த வேலைக்குப் பாண்டாக் என்ற ஆவண மாற்றி பொருத்தமான கருவி. அது உண்மையான எழுத்துப் பெட்டிகளோடு பவர்பாயிண்ட் தரும், '--ரெஃபரன்ஸ்-டாக்' மூலம் அலுவலக வார்ப்புருவையும் ஏற்கும்.

கேள்வி: குறிப்புகளை எங்கே எழுதுவது? பட்டியல் ஒவ்வொன்றாக வர வேண்டும்.

எச்டிஎம்எல் கமென்ட்டாக எழுதினால் அது பேச்சாளர் குறிப்பு. எச்டிஎம்எல்லைத் திறந்து 'பி' விசையை அழுத்தினால் குறிப்போடு தனிச் சாளரம் வரும். பிடிஎஃப்பில் ஒட்டுக்குறிப்பாக வேண்டுமென்றால் '--பிடிஎஃப்-நோட்ஸ்'. பட்டியலில் ஹைஃபனுக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுங்கள், ஒவ்வொன்றாக வரும். எச்டிஎம்எல்லில் மட்டும்தான் இது. பிடிஎஃப்பில் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: நிறுவனத்தின் நிறம், லோகோ எல்லா ஸ்லைடிலும் வர வேண்டும்.

தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்று எழுதி '--தீம்' விருப்பத்தில் கொடுங்கள். இப்படிக் கோப்பையே நேரடியாகக் கொடுக்கும்போது, அதன் தலையில் சிஎஸ்எஸ் கமென்ட்டுக்குள் '@தீம்' என்று பெயர் எழுதுவது கட்டாயம் இல்லை. முழுவதும் புதிதாக எழுத வேண்டாம், '@இம்போர்ட்' போட்டு டிஃபால்ட் தீமை இழுத்து, மாற வேண்டியதை மட்டும் கீழே எழுதுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை திருத்தியதும் கட்டளை தட்ட வேண்டுமா? சிஐ சர்வரில் ஓட்டினால் அப்படியே நின்றுவிடுகிறது, பிழைகூட வரவில்லை.

எழுதும்போது '-டபிள்யூ' போட்டு விட்டுவிடுங்கள், சேமித்த உடனே மாறும். கோப்புறை முழுவதையும் பிரவுசரில் பார்க்க '-எஸ்' போதும், 8080 போர்ட்டில் திறக்கும்.

சிஐ சர்வரில் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் சர்வர்) நிற்பது, உள்ளீடு பைப் வழியாக, அதாவது வேறொரு நிரலிலிருந்து வரும் என்று மார்ப் காத்திருப்பதால். '--நோ-ஸ்டிடின்' சேருங்கள். அதன்பிறகு பிரவுசர் இல்லை என்று பிழை வந்தால் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஏதாவது ஒன்றை நிறுவி, வழக்கமில்லாத இடத்தில் இருந்தால் '--பிரவுசர்-பாத்' மூலம் காட்டுங்கள். எச்டிஎம்எல் மட்டும் போதுமென்றால் பிரவுசரே தேவையில்லை.