மூடியோடா, மூடி இல்லாமலா? மறுசுழற்சிக் கேள்விகளும் பதில்களும்

குப்பை பிரிப்பது பற்றி வருகிற கேள்விகளில் பாதி, புலம்பல்கள். புலம்புவதில் நியாயமும் இருக்கிறது. ‘இதைப் போடாதீர்கள்’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் காரணத்தை எழுதுவதில்லை. இந்த விதிகளில் பெரும்பாலானவை ஆலையில் இருக்கிற இயந்திரத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்த இயந்திரம் தெரிந்துவிட்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

குப்பைக்குப் போகிற டப்பாவைக் கழுவித்தான் போட வேண்டுமாம். தண்ணீரும் நேரமும் வீண்தானே?

சோப்பு வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். ஒட்டியிருப்பதை வழித்தெடுத்துவிட்டு, பாத்திரம் கழுவி மிஞ்சிய தண்ணீரில் ஓர் அலசு அலசினால் போதும். கறை இருக்கலாம், கவிழ்த்தால் எதுவும் ஒழுகக் கூடாது.

பிளாஸ்டிக்கை ஆலையில் எப்படியும் துண்டு துண்டாக நறுக்கிக் கழுவத்தான் போகிறார்கள். கெடுவது அதே தொட்டியில் பக்கத்தில் கிடக்கும் காகிதம். வண்டியில் எல்லாம் சேர்ந்து நசுங்கும்போது மிச்ச எண்ணெய் அட்டையில் இறங்கிவிடும். காகிதக் கூழ் தண்ணீரில் கரைத்துச் செய்வது. எண்ணெய் அந்தத் தண்ணீரில் கரையாமல் இழையோடு ஒட்டிக்கொண்டு, புதுத் தாளில் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். எண்ணெய் படிந்த அட்டைப்பெட்டி கையில் இருந்தால் படிந்த பகுதியை மட்டும் கிழித்தெடுத்துவிட்டு மீதியைப் போடலாம்.

தண்ணீர் பாட்டில் மூடியைக் கழற்றிப் போடச் சொன்னார்கள். இப்போது மாட்டியே போடச் சொல்கிறார்கள். எது சரி?

சொன்னபோது இரண்டும் சரிதான். இறுக மூடிய பாட்டிலுக்குள் காற்றும் மிச்சத் தண்ணீரும் இருந்தால், ஆலையில் அழுத்திக் கட்டாகக் கட்டும்போது அது அமுங்காது. அழுத்தும்போது மூடி தெறித்துப் பறக்கும். அதனால்தான் கழற்றச் சொன்னார்கள். ஆனால் தனியாக விழுந்த மூடி, சின்னப் பொருள்களை உதிர்த்துவிடும் சல்லடையில் இறங்கி, மண்ணோடும் கண்ணாடித் தூளோடும் வெளியே போய்விடும்.

பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், மூடி பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக். நறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பெட் மூழ்கும் (தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்டுக்குச் சுமார் 1.38), மூடித் துணுக்கு மிதக்கும் (1-க்கும் குறைவு). மேலே மிதப்பதை வழித்தெடுத்துக்கொள்வார்கள். இந்த வசதி இருக்கிற ஆலைக்கு மூடியோடு வருவதே நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களில் மூடி பாட்டிலோடு பிணைந்தே இருக்க வேண்டும். அது கடற்கரையில் மூடி சிதறுவதைத் தடுக்க வந்த விதி என்றாலும், ஆலைக்கும் லாபம்தான்.

தண்ணீரைக் கொட்டுங்கள், லேசாக நசுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள், மூடியை மாட்டுங்கள். மிதித்துத் தகடாக்கிவிடாதீர்கள்: தட்டையாக வருவதையெல்லாம் காகிதம் என்று தள்ளிவிடும் இயந்திரங்கள் உண்டு. கண்ணாடி ஜாடியின் தகர மூடி மட்டும் தனியே வரட்டும், காந்தம் இழுத்துக்கொள்ளும்.

அடியில் முக்கோணமும் எண்ணும் இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அந்த எண், பொருள் எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. சுற்றிவரும் அம்புக்குறி பார்க்கிறவர்களைக் குழப்பியதால் 2013-இல் அதை வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மக்கள் ஏமாந்ததாக உணர்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பெரும்பாலும் வாங்குவதற்கு ஆள் இருப்பது 1 (பெட்), 2 (கனத்த பாலிஎத்திலீன், ஷாம்பு பாட்டில், கேன்) இரண்டுக்கும். 5 (பாலிப்ரொப்பிலீன்) சில இடங்களில் போகும். 3 என்றால் பி.வி.சி.; அதை 1-உடன் கலந்துவிடாதீர்கள். பெட் உருக 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்கு முன்பே பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை விடும். அது பெட்டை மஞ்சளாக்கி, வலுவைக் குறைத்து, இயந்திரத்தையும் அரிக்கும். 7 என்பது ‘இதர’. மக்காச்சோளத்திலிருந்து செய்த பி.எல்.ஏ. கோப்பையும் அதில்தான் வரும். பார்க்க பெட் மாதிரியே இருக்கும், ஆனால் இரண்டும் சேராது. வீட்டு உரக்குழியிலும் எளிதில் மக்காது; 60 டிகிரியை ஒட்டிய சூடு நிற்கிற பெரிய உரக்கூடம் வேண்டும்.

கறுப்புத் தட்டு எந்த எண்ணாக இருந்தாலும் சந்தேகம்தான். பிரிக்கும் இயந்திரம் அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பிளாஸ்டிக்கை அடையாளம் காண்கிறது. கறுப்புச் சாயத்தில் இருக்கும் கரி அந்த ஒளியை விழுங்கிவிடும்.

பளபளக்கும் உறை அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே இருந்தால் அலுமினியம். விரிந்தெழுந்தால் உலோகம் பூசிய பிளாஸ்டிக், மறுசுழற்சிக்கு ஆகாது. அலுமினியத் தாளைத் துண்டு துண்டாகப் போடாமல் சேர்த்து, கைப்பிடி அளவு உருண்டையாக்கிப் போடுங்கள்.

நாங்கள் மெனக்கெட்டுப் பிரிக்கிறோம், வண்டிக்காரர் ஒரே வண்டியில் கொட்டுகிறார். அப்புறம் எதற்கு?

முதலில் வண்டியைப் பின்பக்கமாகப் பாருங்கள்; உள்ளே தடுப்பு இருக்கலாம். தடுப்பு இல்லை, உண்மையாகவே கலக்கிறார்கள் என்றால் உங்கள் கோபம் நியாயமானது. நாள், நேரம், படத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

சில சமயம் காரணம் நம் தெருவிலேயே இருக்கும். கட்டிய பையை, ஆலையில் குப்பை பிரிக்கிற வரிசையில் நிற்கிற தொழிலாளி பிரித்துப் பார்க்க நேரமில்லை. உள்ளே ஊசியும் இருக்கலாம். அதனால் பையோடு தள்ளிவிடுவார். உதிரியாகவே போடுங்கள். மெல்லிய பைகள் சல்லடையின் சுழலும் தட்டுகளில் சுற்றிக்கொள்ளும். ஓட்டத்தை நிறுத்தி, ஆள் இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும்.

பக்கத்து ஊரில் எடுப்பதை எங்கள் ஊரில் எடுப்பதில்லை. முன்பு எடுத்ததையும் இப்போது வேண்டாம் என்கிறார்கள்.

இயந்திரம் வேறு, வாங்குகிறவர் வேறு. ஆள் வாங்கினால்தான் அது சரக்கு. பல நாடுகள் பிரித்த கழிவைச் சீனாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. 2018-இல் சீனா 24 வகைக் கழிவுகளைத் தடை செய்து, மற்றவற்றில் கலப்பு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. ஏற்றி அனுப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஊர்கள் ஒரே வருடத்தில் பட்டியலைச் சுருக்கின. உங்கள் ஊரின் இந்த வருடப் பட்டியலை மட்டும் நம்புங்கள். உறவினர் வீட்டுப் பட்டியல் உதவாது.

கடை ரசீது காகிதத்தில் சேருமா?

நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள், அதாவது மையில்லாமல் சூட்டிலேயே எழுத்து விழுகிற தாள். பிஸ்பீனால் வகை ரசாயனம் பூசியிருக்கலாம். காகிதத்தில் வேண்டாம்.

பழைய செல்போன் பேட்டரியைத் தகரத்தோடு போடலாமா?

கூடவே கூடாது. நசுக்கும் வண்டியில் லித்தியம் பேட்டரி உடைந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுத் தீப்பிடிக்கும், சுற்றிலும் காகிதம். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் தனியாகக் கொடுங்கள். 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால் ஒரு சாவி உரசினாலே போதும், சூடேறிவிடும். அதற்கும் டேப் கட்டாயம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாதபடி, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, முடிந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். உப்பியிருக்கிறது என்று வாங்குகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.