பெயரையும் சொல்லுங்கள், விலையையும் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – அக்காவின் பதில்

கணினித் துறையிலும் ஊடகத்திலும் வேலை செய்கிற பெண்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கைகொடுக்கிறீர்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கைகொடுத்த கதைகள் குறைவு, கேள்விகள்தான் கூட. சரி, கேள்விகளுக்கே பதில் சொல்வோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: திருகோணமலை கோணேசபுரி கம்பஸில் கணினி விஞ்ஞானம் முடித்து, வீட்டிலிருந்தே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் பரிசோதகராக வேலை செய்கிறேன். குழுவில் என்னோடு இன்னும் ஒரு பெண்தான். சூம் கூட்டத்தில் நான் சொல்வதை யாரும் கணக்கெடுப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதையே ஒரு பொடியன் சொன்னால் "நல்ல யோசனை" என்கிறார்கள். மற்றப் பெண்ணோடு எனக்கு அவ்வளவு பழக்கமும் இல்லை. – ச., சாம்பல்தீவு

அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கே போன் எடுங்கள். பழகிய பிறகு கதைக்கலாம் என்று இருந்தால் இரண்டு பேரும் தனித்தனியாக வாயடைத்துப்போய்த்தான் இருப்பீர்கள்.

ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோது வெள்ளை மாளிகையில் வேலை செய்த பெண்களுக்கும் இதே தலையிடிதான். தொடக்கத்தில் அவருடைய மூத்த உதவியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். பெண்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி முக்கியமான ஒன்றைச் சொன்னால், இன்னொருத்தி அவளுடைய பெயரைச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 2016 இல் வாஷிங்டன் போஸ்ட் இதை எழுதியது. ஒபாமா அதைக் கவனித்து, பெண்களிடமும் இளையவர்களிடமும் கூடுதலாகக் கருத்துக் கேட்கத் தொடங்கினாராம்.

நீங்கள் இரண்டு பேரும் செய்ய வேண்டியதும் அதுதான். "முதலில் சொன்ன மாதிரி" என்று பொதுவாகச் சொன்னால் போதாது, பெயர் விழ வேண்டும். நீங்கள் பரிசோதகர் என்பதால் இன்னொரு வசதியும் இருக்கிறது. பிழையைக் கண்டால் வாயால் சொல்லுமுன், பிழைகளைப் பதிகிற மென்பொருளில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். பெயரும் நேரமும் அதில் பதிந்துவிடும். சாம்பல்தீவுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வந்தால் கமராவை நிறுத்திவிட்டுக் கதையுங்கள். முகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, வசனம் முழுதாகப் போய்ச்சேர வேண்டும். அப்புறம், "சொறி, ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்காதீர்கள். சின்ன விஷயம் என்று நீங்களே சொன்ன பிறகு யார் காது கொடுப்பது?

நான் வானொலிக்குப் போன புதிதில், திருக்கடலூரில் மீன் வாங்கி விற்கிற பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்யலாம் என்று கூட்டத்தில் மெல்லச் சொன்னேன். அதை எழுதிக்கொண்ட தயாரிப்பாளர், பக்கத்தில் வேறொருவர் பெயரைப் போடப் பார்த்தார். மூத்த அறிவிப்பாளர் அம்மா ஒருவர் வாசித்துக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது இந்தப் பிள்ளை சொன்னது, இவவே போகட்டும்" என்றார். அவருக்கும் எனக்கும் அதுவரை வணக்கம் சொல்கிற பழக்கம் மட்டும்தான்.

கே: தொடர்பாடல் கற்கை முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். எல்லா இடத்திலும் ஆள் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஊடகத்தில் யாரும் இல்லை, எனக்கு யாரையும் தெரியாது. – கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கை

தங்கச்சி, யாரையும் தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன். நெருக்கமாக யாரையும் தெரியாது என்று சொல்லுங்கள், அது வேறு.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் பொஸ்டனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973 இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திக்கிறவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது, இல்லாவிட்டால் வருஷத்தில் ஒருதரம் காண்கிற ஆட்களிடமிருந்து தகவல் பெற்றவர்கள். காரணம் சிக்கலானதல்ல. உங்களோடு ஒன்றாகச் சாப்பிடுகிறவளுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான் தெரியும். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தின் பாவனையாளர்கள் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022 இல் வெளியான ஆய்வும், அரைகுறைப் பழக்கம்தான் வேலைக்கு அதிகம் உதவுகிறது என்றே காட்டியது.

ஆகவே கம்பஸில் உங்களுக்கு மூன்று வருஷம் முன்னால் படித்த அக்காமார், பயிற்சிக்குப் போன இடத்தில் ஒலிப்பதிவு அறையில் இருந்தவர், பயிற்சிப் பட்டறையில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஆனால் "வேலை இருந்தால் சொல்லுங்கள் அக்கா" என்று அனுப்பாதீர்கள். எனக்கு அப்படி எத்தனையோ வருகிறது, என்ன பதில் போடுவது என்றே தெரியாமல் அப்படியே கிடக்கும். இப்படி அனுப்பிப் பாருங்கள்: "அக்கா, மூதூர் பாலங்கள் வந்த பிறகு படகுத் துறைக்குப் போவாரில்லாமல் போனதைப் பற்றி இரண்டு நிமிட வீடியோ செய்திருக்கிறேன், இணைப்பு இதோ. இதை எந்தப் பகுதி ஆசிரியருக்கு அனுப்பலாம்?" செய்த வேலை ஒன்று, இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று. பதில் வரும்.

கே: உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு ரீல்ஸ் எடுத்து எடிட் செய்து கொடுக்கிறேன். இன்னொரு பிள்ளை என்னைவிடக் குறைத்துக் கேட்கிறாள் என்று ஒரு விடுதிக்காரர் சொல்ல, நானும் குறைத்தேன். இனி எப்படி ஏற்றுவது? – பெயர் வேண்டாம்

அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அவளிடமும் உங்களைக் காட்டி இதையே சொல்லியிருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

சம்பளத்தைக் கேட்பது மரியாதையில்லை என்று எங்களை வளர்த்துவிட்டார்கள். அதில் லாபம் யாருக்கு என்று பாருங்கள். ஊரில் இந்த வேலை செய்கிறவர்களை ஒருநாள் கூப்பிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஆளுக்கொரு தாளில் கடைசியாக வாங்கிய தொகையை எழுதச் சொல்லுங்கள். பெயர் போடத் தேவையில்லை. தாள்களைக் கலந்து விரித்தால் யார் அடிமாட்டு விலைக்குப் போகிறார்கள் என்று அவர்களுக்கே விளங்கும். நாங்கள் உபதலைப்பு, மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் இதைச் செய்தோம். அடுத்த வேலையிலேயே இரண்டு பேர் தங்கள் விலையை மாற்றினார்கள்.

விலை சொல்லும்போது படப்பிடிப்பு வேறு, எடிட்டிங் வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள். பாதி முற்பணம். இரண்டு தரம் திருத்தம் இலவசம், மூன்றாவதுக்குக் காசு. எடுத்த மூலக் காட்சிகள் முழுவதும் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. ட்ரோன் கேட்டால் அனுமதி எடுக்கிற மினக்கேட்டையும் சேருங்கள், இது துறைமுக ஊர். எங்கள் கரையில் சீசன் சித்திரை வைகாசி தொடங்கிப் புரட்டாதியோடு முடிந்துவிடும். மாரிக்கும் சேர்த்துத்தான் அந்த மாதங்களில் உழைக்க வேண்டும், அதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கே: கிழக்கில் எழுதுகிற, ஒலிபரப்புகிற பெண்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலையில் பூப்படம், இரவில் பூப்படம். கலைத்துவிடலாமா? – ஒரு நிர்வாகி, உவர்மலை

பூவை நிறுத்துங்கள், குழுவை நிறுத்தாதீர்கள்.

1987 இல் அமெரிக்காவில் கணினி இயங்குதளங்கள் பற்றிய ஒரு மாநாடு. வந்த பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. அவர்கள் ஒருவரையொருவர் கண்டு கதைத்தது பெண்கள் கழிவறையில். அந்தக் கதையைத் தொடர்வதற்கு, அவர்களில் ஒருவரான கணினி விஞ்ஞானி அனிதா போர்க் மின்னஞ்சலில் 'சிஸ்டர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். கணினித் தொழில்நுட்பத்தில் இருக்கிற பெண்கள் மட்டும், உள்ளே சொன்னது வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. நாங்கள் எழுதுகிற நிரலைக் கணினிக்கு விளங்கும் மொழிக்கு மாற்றுகிற கொம்பைலரின் முன்னோடி கிரேஸ் ஹொப்பரின் பெயரில், இன்னொரு கணினி விஞ்ஞானியான டெலி விட்னியோடு சேர்ந்து 1994 இல் போர்க் தொடங்கிய மாநாடு பின்னாளில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடுகிற இடமானது. (ஹொப்பர் அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல். திருகோணமலைக்காரருக்குக் கடற்படை என்றதும் வேறு யோசனை வரும், அதை விடுவோம்.)

உங்கள் குழுவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். திங்கட்கிழமை வேலை வாய்ப்பு மட்டும். மாதக் கடைசியில், யார் எழுத்துக்குக் காசு கொடுத்தார்கள், யார் இழுத்தடிக்கிறார்கள் என்ற கணக்கு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் செய்தியாளர் மாநாட்டுக்கு யார் போவது என்ற ஏற்பாடு. மற்றதெல்லாம் தானாக ஒழுங்காகும்.

ஒரு எச்சரிக்கை. "அவரோடு தனியே ஒலிப்பதிவுக்குப் போகாதே" என்ற மாதிரி விஷயங்களைக் குழுவில் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்க ஒரு விரல் போதும், பிறகு சொன்ன பிள்ளைதான் மாட்டுப்படுவாள். அதை நேரில், இல்லாவிட்டால் போனில் சொல்லுங்கள், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவள் முறையிட விரும்பினால் பெண்களுக்கான 1938 என்ற அழைப்பு இலக்கம் இருக்கிறது. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். பொலிஸுக்குப் போகும் நாளில் கூடப் போக ஒருத்தி வேண்டும். அதற்கு நிர்வாகியாகிய நீங்களே முன்வந்தால் நல்லது.

கே: பெண்களுக்கென்று தனிச் சங்கம், தனிக் குழு எல்லாம் எதற்கு? திறமை இருந்தால் தானாக வரலாமே. – ஓர் ஆண் வாசகர், தம்பலகாமம்

தம்பி, உலகச் செய்திகளில் பேசப்படுகிற, கருத்துச் சொல்கிற ஆட்களில் பெண்கள் 1995 இல் 17 வீதம். 2020 இல் 25 வீதம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பல நாடுகளில் எண்ணிப் பார்க்கிற ஆய்வு அது. தானாக வருவதற்கு இன்னும் எவ்வளவு காலம் பொறுப்பது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அதுவரை, நீங்கள் அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் பேச்சாளர் தேடும்போது ஒரு பெண் விவசாய அலுவலரின் இலக்கமும் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

கே: மகள் கொழும்பில் இரண்டு நாள் ஹக்கத்தோனுக்கு, அதாவது குழுவாக மென்பொருள் உருவாக்குகிற போட்டிக்கு, தெரிவாகியிருக்கிறாள். இரவு ரயிலில் தனியே விட அவளுடைய அப்பாவுக்கு மனமில்லை. நான் என்ன சொல்வது? – ஒரு தாய், மனையாவெளி

அவர் பயப்படுவது ரயிலுக்கா, இறங்கிய பிறகு என்ன என்பதற்கா என்று முதலில் கேளுங்கள் அம்மா. இரவு ரயில் விடியுமுன்பே கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறக்கிவிட்டால், அந்த இருட்டு நேரம்தான் பிரச்சினை. அதற்கு வழி இருக்கிறது. கம்பஸில் மகளுக்கு முன்னால் படித்து இப்போது வெள்ளவத்தைப் பக்கம் அறை எடுத்திருக்கிற பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். ஒருத்தியிடம் அப்பாவையே கதைக்க விடுங்கள். மகள் சொன்னால் கேட்காததை அந்தப் பிள்ளை சொன்னால் கேட்பார். தங்குமிடம், அதிகாலையில் ஸ்டேஷனுக்கு யார் வருவது, எந்த வாகனம் என்று எல்லாம் அவளே சொல்லட்டும். போட்டி நடத்துகிறவர்களிடமும் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் உண்டா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்படியும் அப்பாவுக்கு மனம் வராவிட்டால் அவரும் கூடப் போய்வரட்டும், ஆனால் மண்டபத்துக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். இருக்கைகளை இப்போதே பதிவு செய்துவிடுங்கள், சனி ஞாயிறுக்கு முந்திய இரவு சீக்கிரம் நிரம்பிவிடும்.