ஊசியின் காது

அன்புள்ள ஐயா,
தையல் மெஷினைக் கண்டுபிடித்தவர் எலியாஸ் ஹோவ் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். அம்மாவின் மெஷினில் சிங்கர் என்றுதான் பொன்னெழுத்தில் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எது சரி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

ஹோவ் பெயரோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது.

அம்மாவின் மெஷினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கையூசிக்குக் காது பின்பக்கம் இருக்கும். மெஷின் ஊசிக்கு முனையிலேயே காது. துணிக்குள் இறங்கிய ஊசி லேசாக மேலே எழும்போது நூல் தளர்ந்து ஒரு கண்ணி விழும். கீழே இருக்கும் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்து, கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைச் சுற்றி இழுத்துவிடும். இரண்டு நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்ளும். தையல் பிரியாமல் நிற்பது இதனால்தான்.

முனையில் காதுள்ள ஊசியோடு, இரண்டு நூலால் தைக்கும் மெஷினுக்கு ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ஆனால் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் 1830களிலேயே அதைச் செய்துவிட்டார், பதியவில்லை. கைத்தையலை நம்பியிருக்கும் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்று மகள் தயங்கியதால் விட்டுவிட்டார் என்று சொல்வார்கள்.

சிங்கர் வந்தது 1851இல். ஹோவின் மெஷினில் ஊசி வளைந்திருக்கும், துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுத்தான் தைக்க வேண்டும். நேராக ஏறி இறங்கும் ஊசி, தட்டையான மேடை, துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம் எல்லாம் சேர்ந்த மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்தவர் சிங்கர். அந்த வகையில் அம்மாவின் மெஷினில் அவர் பெயர் இருப்பது நியாயம்தான்.

ஹோவ் வழக்குப் போட்டார். ஹன்ட்தான் முதலில் செய்தார் என்று சிங்கர் தரப்பு வாதாடியது. அது ஏற்கப்பட்டது, ஆனாலும் இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டதால் ஹன்ட்டுக்கு உரிமை இல்லை என்றாகிவிட்டது. 1854இல் சிங்கர் ஹோவுக்கு 15,000 டாலர் கொடுத்தார்.

எனக்கு ஹன்ட்டை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. அம்மாவின் மெஷின் இழுப்பறையில் ஊக்கு கிடக்கும், எடுத்துப் பாருங்கள். ஒரே கம்பி, அடியில் ஒரு சுருள், அதுதான் ஸ்பிரிங், தலையில் முனை குத்தாமல் ஒரு மூடி. அதுவும் ஹன்ட் செய்ததுதான். அதை மட்டும் 1849இல் பதிந்தார். 15 டாலர் கடனுக்காக, மொத்த உரிமையையும் 400 டாலருக்குக் கொடுத்துவிட்டார்.